மின்னஞ்சலைச் சாட்சியமாகக் காப்பது எப்படி

ஒரு மின்னஞ்சலை அச்செடுத்து நீதிமன்றத்தில் நீட்டினால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் குறிவைப்பது அதில் எழுதியிருப்பதை அல்ல. இதை எடுத்தது யார், எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, அன்றிலிருந்து இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்றுதான் குடைவார். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இல்லையென்றால், உண்மையான மெயில்கூடப் பொய்போலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

வேலையின் வரிசை இது: அழிவதை நிறுத்துவது, எடுக்கும் அதிகாரத்தை உறுதிசெய்வது, எடுப்பது, ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற மதிப்பு) போடுவது, பதிவேட்டில் ஏற்றுவது, சான்றிதழ் தயாரிப்பது. பலர் மூன்றாவதில் தொடங்கி, வழக்கு விசாரணைக்கு வந்த பிறகு முதல் இரண்டைத் தேடுகிறார்கள்.

கடமை எப்போது தொடங்குகிறது

வழக்கு தாக்கலான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பரவலான தப்புக்கணக்கு. அமெரிக்க நீதிமன்றங்களில் சாட்சியத்தைக் காக்கும் கடமை அதற்கு முன்பே பிறந்துவிடுகிறது. வழக்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நாளே தொடக்கம். வக்கீல் நோட்டீஸ், ஊழியர் கொடுத்த எழுத்துப் புகார், ஒப்பந்தத்தை மீறியதாக வந்த மிரட்டல் கடிதம், உள் தணிக்கையில் சிக்கிய மோசடி எல்லாம் அந்த நாளாக இருக்கலாம். 2003, 2004 ஆண்டுகளில் ஜூபுலேக் எதிர் யு.பி.எஸ். வார்பர்க் வழக்கில் வந்த உத்தரவுகள் இதை அழுத்தமாகச் சொன்னதோடு, காக்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டு வக்கீல் ஒதுங்கிவிட முடியாது, அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றும் சொன்னது.

அங்குள்ள சிவில் நடைமுறை விதி 37(இ) 2015 டிசம்பரில் திருத்தப்பட்டது. அதன்படி, காத்திருக்க வேண்டிய மின்பதிவு நியாயமான முயற்சி எடுக்காததால் அழிந்து, வேறு எங்கிருந்தும் மீட்க முடியாமல் போய், எதிர்த்தரப்புக்குப் பாதிப்பும் ஏற்பட்டிருந்தால், அந்தப் பாதிப்பைச் சரிக்கட்டும் அளவுக்கு நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம். எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக்கூடாது என்ற நோக்கத்தோடே அழித்ததாக நிரூபணமானால், அழிந்தது உங்களுக்குப் பாதகமானது என்று ஊகிக்கலாம். வழக்கையே தள்ளுபடி செய்யவும் முடியும். விதி கேட்பது 'நியாயமான முயற்சி'யைத்தான், முழுநிறைவை அல்ல. ஆனால் முயற்சி எடுத்தீர்கள் என்பதற்கு அன்றைய தேதியிட்ட காகிதம் வேண்டும்.

முதலில் அழிப்பை நிறுத்துங்கள்

மெயில் பெட்டியில் கடிதங்கள் தாமாகவே அழிந்துகொண்டிருக்கின்றன. யாரும் கெட்ட எண்ணத்தோடு தொட வேண்டியதில்லை. ஜிமெயில் குப்பைக்கூடையில் போட்டது 30 நாளில் போய்விடும். நிறுவனக் கணக்கு என்றால் அதற்குப் பிறகு 25 நாள் வரை அட்மின் மீட்கலாம். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில், குப்பைக்கூடையையும் காலி செய்த பிறகு கடிதம் மீட்கக்கூடிய பகுதியில் இயல்பாக 14 நாள் இருக்கும். அட்மின் அதை 30 நாள் வரை நீட்டலாம், அதற்கு மேல் முடியாது. ஆகவே புகார் வந்த அன்றைக்கே நாள்காட்டியைப் பாருங்கள்.

நிறுவனத்தின் கணக்காக இருந்தால் 'ஹோல்டு' போட வேண்டும். எக்ஸ்சேஞ்சில் லிட்டிகேஷன் ஹோல்டு, கூகுள் வொர்க்ஸ்பேசில் வால்ட் ஹோல்டு. இதைப் போட்டால் பயனர் தன் திரையில் அழித்தாலும் பின்னால் பிரதி நிற்கும். எக்ஸ்சேஞ்சில் பொத்தானை அழுத்தியதும் அது அமலாகிவிடாது, 240 நிமிடம் வரை ஆகலாம். சம்பந்தப்பட்டவரை அழைத்து விசாரிப்பதற்கு முன்பே ஹோல்டு போட்டு, அது அமலானதைத் திரையில் பார்த்து, நேரத்தைக் குறித்த பிறகு அழையுங்கள். அழைத்த பிறகு போட்டால், அந்த இடைவெளியில் ஒரு கோப்புறை முழுக்கக் காலியாகியிருக்கலாம்.

ஹோல்டோடு சேர்த்து நிறுத்த வேண்டியவை: பழைய மெயிலைத் தானாக நீக்கும் கால விதிகள், பேக்கப் டேப்பின் மேல் மறுபடி எழுதும் சுழற்சி, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடும் வழக்கம், பழைய மடிக்கணினியைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் வழக்கம். கடைசி இரண்டும் மனிதவளத் துறையின் கையில் இருப்பதால் கணினிப் பிரிவுக்கு மட்டும் சுற்றறிக்கை அனுப்பினால் போதாது. எக்ஸ்சேஞ்சில் கணக்கை நீக்குவதற்கு முன்பே ஹோல்டு இருந்தால் பெட்டி செயலற்ற பெட்டியாக மாறிப் பத்திரமாக நிற்கும். நீக்கிய பிறகு கைவைத்தால் மீட்க எஞ்சியிருப்பது மிகக் குறுகிய கெடுதான்.

லாக்குகளை மறந்துவிடாதீர்கள். யார் எந்த ஐ.பி. முகவரியிலிருந்து நுழைந்தார், எந்தக் கடிதத்தைத் திறந்தார், கடிதங்களைத் தானாகத் தள்ளும் எந்த விதியை உருவாக்கினார் என்பது கடிதத்துக்குள் இருக்காது. மைக்ரோசாஃப்ட் 365இன் வழக்கமான தணிக்கை லாக் 180 நாள் நிற்கும். ஹோல்டு கடிதங்களைத்தான் பிடித்து வைக்கும், லாக்கை அல்ல. லாக்கைத் தனியாக ஏற்றுமதி செய்தாக வேண்டும்.

சேவை நிறுவனத்திடம் இருக்கும் கணக்கு என்றால் புலனாய்வு அமைப்புகளுக்கு வேறு வழி உண்டு. 2001இன் புடாபெஸ்ட் சைபர்குற்ற ஒப்பந்தத்தின் 16ஆவது பிரிவு, தரவை உடனடியாகக் காக்கும்படி 90 நாள் வரை உத்தரவிட உறுப்பு நாடுகளுக்கு வகை செய்கிறது. அதைப் புதுப்பிக்கவும் இடமுண்டு. ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் கேட்டால், 29ஆவது பிரிவின்படி குறைந்தது 60 நாள் காக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தொகுப்பில் 18ஆம் தலைப்பின் 2703(எஃப்) பிரிவு, அரசு அமைப்பு ஒரு கோரிக்கை அனுப்பினாலே சேவை நிறுவனம் 90 நாள் காக்க வேண்டும் என்கிறது, இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். இவை காப்பதற்கு மட்டும். உள்ளடக்கத்தைப் பெறத் தனியாக வாரண்டோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். சிவில் வழக்குக்காரர் அதே சட்டத்தின்கீழ் சம்மன் அனுப்பிச் சேவை நிறுவனத்திடமிருந்து கடித உள்ளடக்கத்தை வாங்க முடியாது. கணக்குக்குச் சொந்தக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

யாருடைய அனுமதியோடு எடுக்கிறீர்கள்

கடவுச்சொல் தெரியும் என்பது அதிகாரம் ஆகாது. நிறுவனப் பெட்டியை நிறுவனம் பார்க்கலாமா என்பதுகூட அங்குள்ள கொள்கை, ஊழியர் கையெழுத்திட்ட ஒப்புதல், உள்ளூர்த் தனியுரிமைச் சட்டம் மூன்றையும் பொறுத்தது. ஊழியரின் சொந்தக் கணக்கு அலுவலகக் கணினியில் திறந்தே கிடந்தாலும் அது அவருடையதுதான். அதற்குள் நுழைந்தால் நீங்களே குற்றவாளி ஆகலாம். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் அதற்குத்தான் இருக்கின்றன.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்: எந்தக் கணக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கடிதம் மட்டுமா அல்லது டிரைவில் உள்ள கோப்புகளுமா, யார் கொடுத்தது. வாரண்டு 6 மாதத்துக்கு என்றால் 10 ஆண்டுப் பெட்டியை அலசுவது வரம்பு மீறல். தொழில்நுட்பக் காரணத்தால் முழுப் பெட்டியையும் எடுக்க நேர்ந்தால், எடுத்ததையும் தேடியதையும் தனித்தனியாகக் குறித்து, தேடல் வரம்புக்குள் இருந்ததைக் காட்டுங்கள். வக்கீலோடு நடந்த கடிதப் போக்குவரத்து அதில் இருக்கும் என்று தெரிந்தால், அந்த முகவரிகளின் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, வழக்கில் சம்பந்தப்படாத ஒருவர் முதலில் அவற்றை விலக்கி வைக்க வேண்டும்.

ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்கீழ் ஒருவர் தன் தரவை அழிக்கச் சொல்லும் நேரத்தில் ஹோல்டும் நடப்பில் இருந்தால், 17(3)(இ) பிரிவைப் பாருங்கள். சட்ட உரிமைகோரலை நிறுவவோ எதிர்க்கவோ தேவையான தரவுக்கு அது விலக்கு தருகிறது. தேவையான தரவுக்கு மட்டும்தான். பெட்டி முழுவதற்கும் அல்ல.

எடுக்கும்போது

செய்யக்கூடாததில் முதலாவது, ஃபார்வர்டு. ஃபார்வர்டு செய்த நொடியில் புதுக் கடிதம் ஒன்று பிறக்கிறது: புது மெசேஜ்-ஐடி (கடிதத்தின் அடையாளக் குறி), புதுத் தேதி, புது அனுப்புநர். யார், எப்போது, எந்த வழியாக அனுப்பினார் என்று சொல்லும் பழைய ஹெடர் போய்விடுகிறது. நடுவில் ஒரு வரியை மாற்றிவிட்டு அனுப்பியிருந்தாலும் பெறுபவருக்குத் தெரிய வழியில்லை. அவசரத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் இணைப்பாக ஃபார்வர்டு செய்யச் சொல்லுங்கள், அப்போது மூலக் கடிதம் ஹெடரோடு உள்ளே உட்கார்ந்திருக்கும். ஸ்கிரீன்ஷாட்டும் பி.டி.எஃப்.பும் படித்துக் காட்ட உதவும், மூலத்துக்கு ஈடாகா.

ஒன்றிரண்டு கடிதம் போதுமென்றால் ஜிமெயிலில் கடிதத்தின் மூலத்தைக் காட்டும் பக்கத்துக்குப் போய், அங்கிருந்தே இ.எம்.எல். கோப்பாக இறக்கலாம். சர்வரில் இருக்கும் வடிவத்துக்கு மிக நெருக்கமானது அது. அவுட்லுக்கிலிருந்து கோப்புறைக்கு இழுத்தால் எம்.எஸ்.ஜி. கோப்பு கிடைக்கும்; ஆனால் அவுட்லுக் கடிதத்தைத் தன் சொந்த அமைப்புக்கு மாற்றிச் சேமித்திருப்பதால், அதிலிருந்து டி.கே.ஐ.எம். கையொப்பத்தை (அனுப்பிய டொமைனின் பெயரில் கடிதத்தில் இடப்படும் டிஜிட்டல் முத்திரை) சோதித்தால் பெரும்பாலும் தோற்கும். கையொப்பம் தோற்றது போலிக்கடிதம் என்பதால் அல்ல, வடிவம் மாறியதால். இந்த வித்தியாசம் அறிக்கையில் இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வீர்கள்.

முழுப் பெட்டியை, கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் வழியாக எடுப்பதாக இருந்தால் இரண்டு விஷயம். பெட்டியைச் 'செலக்ட்' கட்டளையால் திறக்காமல் 'எக்ஸாமின்' கட்டளையால் திறந்தால் படிக்க மட்டும் திறக்கும். கடிதத்தை இழுக்க 'பாடி.பீக்' பயன்படுத்தினால், படிக்காத கடிதம் படித்ததாக மாறாது. சம்பந்தப்பட்டவர் அந்தக் கடிதத்தைப் படித்தாரா இல்லையா என்பதே வழக்கின் முடிச்சாக இருக்கும்போது, எடுத்தவரே படித்த அடையாளத்தை வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடிதங்களைக் கணினிக்கு இறக்கும் பாப்3 வழியை நாடவே வேண்டாம். பல மெயில் செயலிகள் அந்த வழியில் இறக்கியதும் சர்வரில் உள்ளதை அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன.

கூகுள் டேக்அவுட் பயனரே எடுக்கக்கூடிய வழி. எல்லாக் கடிதமும் ஒன்றாக அடங்கிய எம்பாக்ஸ் கோப்பு வரும். லேபிள்களைச் சொல்லும் கூடுதல் ஹெடர் வரிகளை கூகுள் அதில் சேர்த்திருக்கும். எம்பாக்ஸ் வடிவத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடிதத்தின் உடலில் ஒரு வரி ஆங்கிலத்தின் 'ஃப்ரம்' என்ற சொல்லோடு தொடங்கினால், அடுத்த கடிதம் தொடங்குகிறதென்று குழம்பாமல் இருக்க அதற்கு முன் ஒரு குறி சேர்க்கப்படும். அந்த ஒற்றைக் குறியால் டி.கே.ஐ.எம். கையொப்பம் உடையும். பயனர் கையில் டேக்அவுட்டைக் கொடுக்கும்போது அவர் எந்த லேபிளைத் தேர்ந்தார், எதை விட்டார் என்பதும் கேள்வியாகும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து திரையைப் பதிவு செய்வதே நல்லது.

பெட்டியின் கடிதங்களை ஒன்றாக அடக்கும் பி.எஸ்.டி. கோப்பை அவுட்லுக்கில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். சும்மா திறந்து மூடினாலே அவுட்லுக் அதில் எழுதும், ஹாஷ் மாறும். ஹாஷ் போட்ட பிறகு பிரதியை மட்டும் திறக்க வேண்டும்.

டி.கே.ஐ.எம். பற்றி இன்னும் ஒன்று. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி அனுப்பிய டொமைனின் டி.என்.எஸ்.ஸில் (இணையத்தின் பெயர்ப் பதிவேடு) இருக்கிறது. நிறுவனங்கள் சாவியை அவ்வப்போது மாற்றும், பழையதை நீக்கிவிடும். ஒரு வருடம் கழித்து ஆய்வகத்தில் சோதித்தால் சாவியே இருக்காது. ஆகவே கடிதத்தை எடுக்கும் அன்றே, அதன் டி.கே.ஐ.எம். ஹெடரில் உள்ள செலக்டரையும் (எந்தச் சாவி என்று சொல்லும் பெயர்) டொமைனையும் வைத்து அந்த டி.என்.எஸ். பதிவை எடுத்து, நேரத்தோடு சேமித்து, அதற்கும் ஹாஷ் போடுங்கள். இரண்டு நிமிட வேலை, பெரும்பாலானோர் செய்வதில்லை.

இணைப்புகளையும் பாருங்கள். இப்போது பெரும்பாலும் கோப்பே கடிதத்துக்குள் இருப்பதில்லை, ஒன்டிரைவ் அல்லது கூகுள் டிரைவின் இணைய முகவரிதான் இருக்கும். மெயில் பெட்டியை மட்டும் எடுத்தால் சாட்சியத்தின் பாதி வெளியே நிற்கிறது. அந்தக் கோப்பையும் கடிதம் அனுப்பிய தேதியில் இருந்த பதிப்பையும் தேடி எடுத்து, எந்தக் கடிதத்தோடு எந்தக் கோப்பு என்று இணைத்துக் குறியுங்கள். இன்று திறந்தால் தெரிவது, நேற்று வரை யாரோ திருத்திய பதிப்பு.

ஆய்வு செய்யும் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத படம் இருந்தால், திறந்ததும் அது அனுப்பியவரின் சர்வரைத் தொடும். யாரோ பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

கணக்கை யாரோ கைப்பற்றிப் பணம் திருப்பிய வகை மோசடி என்றால், கடவுச்சொல்லை மாற்றிக் கதவை அடைக்கும் அவசரத்தில் தடயமும் போகும். இன்பாக்ஸ் விதிகள், தானாக ஃபார்வர்டு செய்யும் அமைப்பு, அனுமதி பெற்ற வெளிச் செயலிகள், நுழைவு லாக் ஆகியவற்றை முதலில் எடுங்கள். குறிப்பிட்ட சொல் உள்ள கடிதங்களை வேறு கோப்புறைக்குத் தள்ளும் ஒரு விதி, குற்றவாளி எதைத் தேடினார் என்பதற்குச் சாட்சி. அதைச் சுத்தம் செய்கிறேன் என்று அட்மின் நீக்கிவிட்டால், மிஞ்சுவது அவருடைய வாய்மொழி மட்டும்.

ஹாஷ் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

எடுத்தவுடன், அந்த இடத்திலேயே எஸ்.எச்.ஏ-256 போடுங்கள், 64 எழுத்து நீளமுள்ள மதிப்பு வரும். எம்.டி.5இல் ஒரே ஹாஷ் தரும் இரண்டு கோப்புகளை 2004இலும், எஸ்.எச்.ஏ-1இல் 2017இலும் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். பழைய கருவி எம்.டி.5 மட்டும் தந்தால் கூடவே 256ஐயும் போட்டுவிடுங்கள்.

பெரிய கோப்புக்கு ஒரு ஹாஷ், உள்ளே உள்ள ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு ஹாஷ் என்று இரண்டு அடுக்கு வேண்டும். ஒரே பெட்டியை இரண்டு முறை பி.எஸ்.டி.யாக ஏற்றுமதி செய்தால் இரண்டுக்கும் ஹாஷ் வேறாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஏற்றுமதி நேரம் போன்றவை கோப்புக்குள் எழுதப்படுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டு திருத்தம் நடந்ததாக வாதம் எழும்போது, கடித அளவிலான பட்டியல்தான் கைகொடுக்கும். வரி முடிவுக் குறி விண்டோஸ் முறையிலிருந்து லினக்ஸ் முறைக்கு மாறினாலும் ஹாஷ் மாறும். அனுப்பியவரிடம் இருக்கும் பிரதியும் பெற்றவரிடம் இருக்கும் பிரதியும் ஒருபோதும் ஒரே ஹாஷ் தரா, பெற்றவர் பிரதியில் வழியில் இருந்த சர்வர்கள் சேர்த்த ரிசீவ்டு வரிகள் இருப்பதால்.

ஹாஷ் சொல்வது ஒன்றே ஒன்று: போட்ட நிமிடத்திலிருந்து இந்தக் கோப்பு மாறவில்லை. அதற்கு முன் அது போலியாக இருந்ததா என்பதை அது அறியாது. பொய்க்கடிதத்துக்கும் அழகான எஸ்.எச்.ஏ-256 வரும். கடிதம் உண்மையானது என்று காட்ட வேறு சாட்சிகள் வேண்டும்: ரிசீவ்டு வரிகள் கீழிருந்து மேலாகப் படிக்கும்போது நேரம் ஒழுங்காக ஏறுகிறதா, டி.கே.ஐ.எம். தேறுகிறதா, சர்வர் லாக்கில் அதே மெசேஜ்-ஐடி இருக்கிறதா, மறுமுனைப் பெட்டியிலும் அதே கடிதம் இருக்கிறதா. அனுப்பிய கோப்புறையில் உள்ள பிரதியில் பொதுவாக ரிசீவ்டு வரியே இருக்காது. அது எழுதப்பட்டதைக் காட்டலாம், போய்ச் சேர்ந்ததைக் காட்டாது. தேதி ஹெடர் அனுப்புநரின் கணினிக் கடிகாரம் சொல்வது. அதை மட்டும் நம்பாமல் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரமான யு.டி.சி.க்கு மாற்றி ஒரே அட்டவணையில் வையுங்கள்.

கைமாற்றுப் பதிவேடு

டிஜிட்டல் சாட்சியத்தைக் கையாள்வதற்கான ஐ.எஸ்.ஓ. 27037 தரநிலை (2012) அடையாளம் காண்பது, சேகரிப்பது, பிரதியெடுப்பது, காப்பது என்று வேலையைப் பிரிக்கிறது. எந்தத் தரநிலையைப் பின்பற்றினாலும் பதிவேட்டில் இவை இருக்க வேண்டும்:

- சான்றுக்கு ஒரு எண். கணக்கின் முழு முகவரி
- எடுத்தவர், உடனிருந்தவர், இடம், தொடங்கிய முடிந்த நேரம் (நேர மண்டலத்தோடு)
- பயன்படுத்திய மென்பொருளும் அதன் பதிப்பு எண்ணும், கட்டளை அல்லது தேர்வு செய்த அமைப்புகள்
- கடிதங்களின் எண்ணிக்கை, எடுக்க முடியாமல் போனவற்றின் எண்ணிக்கை, பிழைச் செய்தி
- ஹாஷ் மதிப்பு, வன்தட்டின் வரிசை எண்
- ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கொடுத்தவர், பெற்றவர், காரணம், நேரம், இருவர் கையெழுத்து

எடுக்க முடியாமல் போனவற்றை எழுதக் கூச்சப்படாதீர்கள். 41,200 கடிதத்தில் 17 பிழையானால் 17 என்றே எழுதி, காரணத்தையும் சேருங்கள். நீங்கள் சொல்லாமல் விட்டு எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால், மீதியிருக்கும் 41,183க்கும் சந்தேகம் விழும்.

மூலப் பிரதி ஒன்று உறையிட்டு முத்திரையோடு பூட்டில். அதிலிருந்து எடுத்த வேலைப் பிரதி ஒன்று ஆய்வுக்கு. பிரதியெடுத்ததும் இரண்டின் ஹாஷையும் ஒப்பிட்டுக் குறியுங்கள். கடிதங்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை என்றால் சாவியையும் சட்டப்படி பெற்றுத் தனி உறையில் வையுங்கள். சாவி இல்லாத பெட்டி சில ஆண்டுகளில் வெறும் இரும்புதான்.

சான்றிதழ்

இந்தியாவில் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 63(4) பிரிவு, மின்பதிவைத் தாக்கல் செய்யும் ஒவ்வொரு முறையும் சான்றிதழ் இணைக்கச் சொல்கிறது. படிவத்தில் இரண்டு பகுதி: முதல் பகுதியைக் கணினியின் பொறுப்பாளர் போன்றவரும், இரண்டாவதை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பையும், எந்த முறையில் போட்டது என்பதையும் படிவமே கேட்கிறது. அதற்கு முன்பிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்கீழ் 2014இல் அன்வர் எதிர் பஷீர், 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்புகள் சான்றிதழைக் கட்டாயமாக்கின; மூலக் கருவியையே அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறி நிரூபிக்கும்போது மட்டும் அது தேவையில்லை. மெயில் சர்வரை யாரும் தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதால் அந்த விலக்கு இங்கே அநேகமாக உதவாது.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 2017 டிசம்பர் 1 முதல் சாட்சிய விதி 902(13), 902(14) இருக்கின்றன. தகுதியுள்ளவர் ஹாஷ் ஒப்பீட்டை விளக்கிச் சான்றளித்தால், பிரதி மூலத்தோடு ஒத்தது என்று காட்ட ஆள் நேரில் வர வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். செவிவழிச் சாட்சியம், வழக்கோடு தொடர்பில்லை என்பன போன்ற மற்ற ஆட்சேபங்களை இது தீர்த்துவிடாது.

எங்கே ஆனாலும் சான்றிதழை எடுத்த வாரமே எழுதி வாங்குங்கள். அட்மின் வேலை மாறுவார், நிறுவனம் வேறொன்றோடு இணையும், அந்தச் சர்வரே கழற்றப்படும். மூன்று ஆண்டு கழித்து அதன் பொறுப்பாளராக இருந்தவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவது ஒவ்வொரு வழக்கிலும் நடக்கும் தலைவலி.

வழக்கு முடிந்தாலும் ஹோல்டைத் தானாக எடுத்துவிட வேண்டாம். மேல்முறையீட்டுக் கெடு முடிந்ததா, இதே கடிதங்கள் வேறு வழக்கிலோ ஒழுங்குமுறை விசாரணையிலோ தேவைப்படுகின்றனவா என்று வக்கீல் எழுத்தில் சொன்ன பிறகே விடுவியுங்கள். விடுவித்த நேரமும் உத்தரவிட்டவர் பெயரும் அதே பதிவேட்டின் கடைசி வரியாக ஏறட்டும்.